பூத்த சுவர்

தளியில் ஆடி மாதத்து வெயில்
வீட்டுக்காரர் மாதிரி.
வரும். நிற்காது.

எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு கணப்படுப்பு,
எந்தத் துரைக்கோ குளிரெடுத்த காலத்தில் கட்டியது.
எங்களுக்கு முன் குடியிருந்தவர்கள்
பிளைவுட் அறைந்து அதன் வாயை அடைத்து
மேலே டி.வி. மாட்டியிருந்தார்கள்.
போகும்போது ஆணிகளை மட்டும் விட்டுப் போனார்கள்.

முதலில் வாசனைதான் வந்தது.
நனைந்த சாக்கை மடித்து வைத்த வாசனை.
பிறகு பலகையின் ஓரத்தில் சாம்பல் புள்ளிகள்,
பிறகு பச்சை, பிறகு கறுப்பு.
"அம்மா, ஆனை" என்றாள் சைத்ரா.
அடுத்த வாரம் இரண்டு ஆனை,
ஜவளகிரிக் காட்டிலிருந்து ராகிக்கு இறங்குவது போல
ஒன்றின் பின் ஒன்றாய்.

பூசணம் பூத்திருக்கிறது என்றுதான் சொல்கிறோம்.
பூ என்ற சொல்லை
எதற்கெல்லாம் தூக்கிக் கொடுத்திருக்கிறோம்!
நான் பூவில் வேலை பார்க்கிறவள்.
ஒன்றரை ஏக்கர் பாலித்தீன் கூரைக்குள்
காதலர் தினத்துக்குப் போகிற சிவப்பு ரோஜாவின்
இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.
மாவு தூவினாற்போல் தெரிந்தால்
மருந்தறைச் சாவி என் இடுப்பில்.
லிட்டருக்கு எத்தனை மில்லி, தூக்கத்திலும் சொல்வேன்.
தெளித்தபின் ஒரு நாள் முழுக்க
உள்ளே யாரும் போகக்கூடாது.

வீட்டுக்கு அப்படி ஓர் அளவை
எந்த டப்பாவிலும் எழுதியிருக்கவில்லை.
எங்கே போய் நிற்பது ஒரு நாள் முழுக்க,
இரவில் பிள்ளை இழுத்து இழுத்து மூச்சு விடும்போது?
தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரியில்
மூக்கில் மாஸ்க் வைத்துவிட்டு டாக்டரம்மா கேட்டார்:
வீட்டில் ஈரம் உண்டா?
இல்லை என்றேன்.
அழுக்கு வீடா என்று கேட்டது போலிருந்தது எனக்கு.

வீட்டுக்காரர் பெங்களூரிலிருந்து போனில் சொன்னார்:
"ஒரு கோட் பெயின்ட் அடிச்சிடுங்க."
அடித்தோம். பெயின்டைத் தின்று அது கொழுத்தது.
இரண்டாவது கோட்டில் ஆனை குட்டி போட்டது.

சைத்ராவை ராயக்கோட்டையில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு
ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாயில் துண்டு கட்டிக்கொண்டோம்.
சௌடப்பா கடப்பாரையால் பலகையை நெம்பினார்.
உள்ளே குருவிக்கூடு ஒன்று, மூன்று பீர் மூடி,
தெலுங்குக் காலண்டரில் கிழித்த ஒரு ஜூலை,
எல்லாவற்றின் மேலும் ஒரே நரை.
தொட்டால் வெல்வெட்.
அண்ணாந்து பார்த்தேன்.
சின்னச் சதுரமாய் வானம்.
அங்கிருந்து ஒரு சொட்டு
என் நெற்றியில் விழுந்தது.

இவ்வளவுதானா!
கூரைமேல் ஏறினால் புகைபோக்கியின் தொப்பியைக் காணோம்.
எத்தனை வருஷமாய் மழை அந்த வழியே இறங்கி
வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது,
நாங்கள் முன்கதவைப் பூட்டிவிட்டுத் தூங்க.

தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துச் சுரண்டியது,
பிளீச்சிங் கரைத்து மூன்று முறை தேய்த்தது,
நாலு நாள் ஓடி ஃபேன் சூடேறியது எல்லாம் இருக்கட்டும்.
தகரத் தொப்பி எண்ணூற்றைம்பது ரூபாய்.
ஓசூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் போட்டார்.

பிறகு கொஞ்சம் பயத்தோடு
தைலமரச் சுள்ளி நாலு அடுக்கி,
பூச்சிமருந்துக் கம்பெனியின் நோட்டீஸைக் கொளுத்திப் போட்டோம்.
புகை முதலில் எங்கள் மேலேயே பாய்ந்தது.
இருவரும் வாசலுக்கு ஓடி நின்று இருமினோம்.
அப்புறம் உள்ளே யாரோ தொண்டையைச் செருமியது போல
ஓர் இழுப்பு.
புகை திரும்பி, மேலே பார்த்து, போயிற்று.

அந்தப் புகையை யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.
"கணப்பெல்லாம் வேலை செய்யுதாமே"
என்றது பெங்களூர்.
வாடகை ஐந்நூறு ஏறியது.

மறுபடி ஆடி.
சைத்ரா தூங்குகிறாள். மூச்சை எண்ணுகிறேன், பழக்கதோஷம்.
டார்ச் அடித்து அடுப்பின் இடது மூலையைப் பார்க்கிறேன்.
கடுகளவு ஒரு சாம்பல் புள்ளி.
இலையைத் திருப்பும் விரலால்
மெல்லத் துடைக்கிறேன். போய்விட்டது.
சாம்பல்தான்.
சாம்பலாகத்தான் இருக்க வேண்டும்.